ஓடாவியின் விரல்

ஒலுவில் துறைமுகத்தைப் பற்றிப் பேசப்பட்டதும் எழுதப்பட்டதும் கொஞ்சமல்ல. 1994ஆம் ஆண்டில் துறைமுக அமைச்சராகப் பொறுப்பேற்ற எம். எச். எம். அஷ்ரப் கண்ட கனவு அது. 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மறைந்தார். 2008இல் கட்டுமானம் தொடங்கி, டென்மார்க்கின் கடனுதவியோடு நிறைவேறி, 2013 செப்டெம்பர் முதலாந் திகதி துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. அலைதடுப்புகள் கடலுக்குள் நீண்ட பின்னர் வடபுறத்துக் கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. துறைமுக வாயிலிலோ மணல் வந்து குவிந்தது. அரிக்கப்பட்ட நிலத்துக்கும், வேரோடு சாய்ந்த தென்னைகளுக்கும், படகு வெளியே போக முடியாத நாட்களுக்கும் மக்கள் கணக்குச் சொன்னார்கள். முறையிட ஒரு வாயில் இருந்தது. கேட்பதற்கும் யாரோ இருந்தார்கள்.

அதே கரையில் எவரும் கணக்குச் சொல்லாத இன்னோர் இழப்பும் உண்டு. அது ஏக்கர்க் கணக்கில் நிகழ்வதன்று. விரல் விரலாக நிகழ்வது. துறைமுகத்திலிருந்து வடக்கே நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது வழியாகக் கல்முனைக்கும், தெற்கே பாலமுனை, அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்றுக்கும் பயணஞ் செய்கிறவர் பேருந்தின் இரைச்சலையும் மீறி ஓர் ஒலியைக் கேட்பார். மரத்தை வாள் தொடும்போது எழும் அந்த நீண்ட கீச்சொலி பெரிய ஆலைகளிலிருந்து வருவதன்று. வீட்டுப் பக்கத்தில் நான்கு தூண்களை நட்டுத் தகரம் போட்ட கொட்டில். அதனுள் ஒரு மேசை. மேசையின் நடுப்பிளவில் வட்டமான வாள். வீட்டுக்காரரே முதலாளி, அவரே தொழிலாளி. நம் பக்கத்து வழக்கில் சொன்னால், ஓடாவியார்.

இந்த மேசை வாளையும், அது கேட்காமலே எடுத்துக்கொள்ளும் விரல்களையும் பற்றி ஓர் இலக்கியப் பகுதியில் எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். கையைப் பற்றி மிகுதியாகப் பேசியவர்கள் இலக்கியகாரர்கள்தாமே! தச்சனின் கை, நெசவாளியின் கை, உழவனின் கை என்று நாம் பாடிய பாட்டுக்கும் எழுதிய கதைக்கும் குறைவில்லை. அந்தக் கையில் எத்தனை விரல்கள் எஞ்சியிருக்கின்றன என்று கேட்பது மட்டும் நமது வேலையில்லையா?

மேசை வாளைப் பழிப்பது என் நோக்கமன்று. இரண்டு பேர் மேலும் கீழுமாக நின்று இழுவை வாளால் நாள் முழுதும் அறுத்த மரத்தை அது ஒரு மணி நேரத்தில் அறுத்துத் தருகிறது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இந்தக் கரையை வாரிக்கொண்டு போனபின், கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வீடுகள் மறுபடியும் எழ வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் நிலை வேண்டும், கதவு வேண்டும், யன்னல் வேண்டும், கூரைக்குச் சலாகை வேண்டும். கைவாளும் சீவுளியும் மட்டும் இருந்திருந்தால் அந்தக் கதவுகள் எப்போது வந்திருக்கும்? இயந்திரம் வரக்கூடாது என்று சொல்கிறவருக்கு மரவேலையும் தெரியாது; பசியும் தெரியாது.

ஆனால் இயந்திரம் வந்தபோது முழுமையாக வரவில்லை. தொழிற்சாலையில் செய்த மேசை வாளோடு மூன்று பொருள்கள் சேர்ந்து வரும். வாளின் மேற்பகுதியை மறைக்கும் மூடி ஒன்று. வாளின் முதுகுப்புறத்தில் நிமிர்ந்து நிற்கும் மெல்லிய உருக்குத் தகடு ஒன்று. பலகையின் கடைசித் துண்டைத் தள்ளுவதற்கான கோல் ஒன்று. நமது கொட்டில்களிலுள்ள மேசை பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வருவதன்று. பழைய மோட்டர், ஒரு தண்டு, இரண்டு போல்பெயாரிங், ஒரு பட்டி, இரும்புக் கடையில் ஒட்டிய சட்டம்: இவை சேர்ந்தால் வாள் சுழலும். சுழல்வதற்கு மூடி தேவையில்லை, தகடும் தேவையில்லை. ஆகவே அவை செய்யப்படுவதில்லை. விலைக்கு வாங்கிய இயந்திரத்திலும் அவை நெடுநாள் தங்குவதில்லை. மூடி கண்ணை மறைக்கிறது, தூள் அடைக்கிறது, பள்ளம் வெட்டும்போது இடைஞ்சல் செய்கிறது என்று கழற்றிச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். அதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. மூடியைக் கழற்றும் கையைத் தூண்டுவது பெரும்பாலும் அவனுடைய கடன்காரன்தான்.

இந்த ஓடாவியார்களோடு கைலாகு கொடுக்கும்போது சிலவேளை நம் கை திடுக்கிடும். நான்கு விரல்களின் அழுத்தத்தை எதிர்பார்த்த உள்ளங்கையில் இரண்டோ மூன்றோதான் படும். கேட்டால் சிரிப்பார்கள். “வாள் அதுட பங்க எடுத்திட்டுது தம்பி” என்பார் ஒருவர். தலையில் எழுதியிருந்தது என்பார் இன்னொருவர். விரல் போகாதவன் வேலை பழகாதவன் என்று வேடிக்கையாகச் சொல்கிறவர்களும் உண்டு. துயரத்தைத் தாங்கிக்கொள்ளும் மனிதப் பெருமை அந்தச் சிரிப்பில் இருக்கிறது. ஆனால் அதே சிரிப்பே பக்கத்தில் நின்று வேலை பழகும் பையனுக்குப் பாடமும் ஆகிறது. தகப்பன் விரலைக் கொடுத்தது போலத் தானும் ஒருநாள் கொடுப்பான் என்று அவன் எண்ணிக்கொள்கிறான். கொடுக்காமலிருக்க வழி உண்டா என்று அவனுக்குத் தோன்றுவதேயில்லை.

நமது இலக்கிய மரபுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பேன். கை இழந்தவர்களை நாம் போற்றியே பழகியிருக்கிறோம். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் பொற்கைப் பாண்டியன் கதையை மாணவரும் அறிவர். கீரந்தையின் கதவைத் தட்டிய கையைத் தானே வெட்டிக்கொண்ட மன்னனுக்குப் பொன்னால் கை கிடைத்தது, புகழும் கிடைத்தது. ஏகலைவன் பெருவிரலைக் குருவுக்குக் கொடுத்தான். அந்த ஒரு விரலுக்காகப் பல நூற்றாண்டுகளாக நாம் இரங்குகிறோம். இவர்களின் இழப்புக்கு ஒரு காரணம் இருந்தது. அது நீதியோ அநீதியோ, கதை அதைச் சொல்லிவிடுகிறது. ஓடாவியின் விரலுக்கும் காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் ஆளில்லை. எனவே அந்தக் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே இங்கு சொல்ல விரும்புகிறேன். இயந்திர விளக்கம் சலிப்பூட்டும் என்று அஞ்சுகிறவர்கள் பொறுத்தருள வேண்டும்.

பத்து அங்குல வாளின் சுற்றளவு ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர். நமது நாட்டு மின்சாரத்தில் ஓடும் சாதாரண மோட்டர் நிமிடத்துக்கு 2,850 முறை சுழலும். தண்டும் அதே வேகத்தில் சுழன்றால் வாளின் பல் செக்கனுக்கு 38 மீற்றர் ஓடுகிறது. அதாவது மணிக்கு 136 கிலோமீற்றர். கல்முனை வீதியில் எந்தப் பேருந்தும் அந்த வேகத்தில் ஓடியதில்லை. மனிதன் ஓர் அபாயத்தை உணர்ந்து கையை இழுத்துக்கொள்ள ஏறத்தாழ ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். நாற்பது பல் வாளாயின் அந்த நேரத்துக்குள் 380 பற்கள் ஓரிடத்தைக் கடந்துவிடும். ‘கவனமாயிரு’ என்ற அறிவுரையின் பயன் எவ்வளவு என்பதை இந்தக் கணக்கிலிருந்து வாசகரே அறியலாம். நோவு மூளைக்குப் போய்ச் சேருமுன் வேலை முடிந்துவிடுகிறது.

வாளின் மேல் விரலை வைக்கும் மூடன் எவனுமில்லையே, பின் எப்படி விரல் போகிறது? இங்கேதான் பலரும் அறியாத ஒன்று இருக்கிறது. வாளின் முன்புறப் பற்கள் மேலிருந்து கீழ்நோக்கி ஓடுகின்றன. அவை பலகையை மேசையோடு அழுத்துகின்றன. பின்புறப் பற்களோ கீழிருந்து மேல்நோக்கி எழுகின்றன. மரம் உயிரோடிருந்தபோது காற்றுக்கும் சரிவுக்கும் ஈடுகொடுத்து வளர்ந்தது. அந்த இறுக்கம் அதன் நாரில் இருந்துகொண்டேயிருக்கும். அறுக்க அறுக்க அந்த இறுக்கம் தளர்கிறது. அறுத்த பிளவு சில மரங்களில் விரியும், சில மரங்களில் மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டால் பிளவின் இரு உதடுகளும் வாளின் பின்புறத்தைக் கவ்வும். பலகை கொஞ்சம் கோணலாகத் திரும்பினாலும் இதே கதைதான். அந்தக் கணமே மேலெழும் பற்கள் பலகையைத் தூக்கி, அறுக்கிறவனை நோக்கி எறிகின்றன. எறியும் வேகம் வாள் ஓடும் வேகத்தை நெருங்கும். நெஞ்சிலும் வயிற்றிலும் பலகை பாய்ந்தவர்கள் உண்டு. ஆனால் விரலுக்கு நேரும் கேடு வேறு விதம். பலகையை அழுத்திக்கொண்டிருந்த கைக்குக் கீழே பலகை திடீரென்று இல்லாமற் போகிறது. கை தன் அழுத்தத்தோடேயே வாளின் மேல் விழுகிறது. கையை வாளுக்குக் கொண்டுபோனது மனிதனின் கவனக்குறைவு அன்று, மரத்தின் உதைப்பு.

முன்னே சொன்ன மெல்லிய தகடு இதற்காகத்தான் இருக்கிறது. வாளுக்கு நேர் பின்னே, பற்களிலிருந்து 8 மில்லிமீற்றருக்கு மேற்படாத இடைவெளியில் அது நிற்கும். வாளின் உடலைவிடக் கொஞ்சம் தடிப்பாகவும், வாள் வெட்டும் பிளவைவிடக் கொஞ்சம் மெல்லியதாகவும் இருக்கும். பிளவு மூட முயன்றால் தகடு அதைத் தடுக்கும். பலகை கோணினாலும் பின்புறப் பற்களைத் தொட விடாது. இவ்வளவுதான் அதன் வேலை. அசையும் உறுப்பு அதில் ஒன்றுமில்லை. மின்சாரம் வேண்டாம்; எண்ணெய் வேண்டாம். மேசைக்கான இரும்புச் சட்டத்தை ஒட்டிக் கொடுத்த அதே கடையில், அதே நாளில், அதையும் செய்துவிடலாம்.

பிரித்தானியாவில் 1922ஆம் ஆண்டிலேயே மரவேலை இயந்திரங்களுக்கென விதிகள் இயற்றப்பட்டன. வட்ட வாளுக்கு மேலே மூடி, பின்னே தகடு, பக்கத்தில் தள்ளுகோல் ஆகிய மூன்றும் இருந்தேயாக வேண்டும் என்று அவ்விதிகள் கூறின. அப்போது இலங்கையை ஆண்டவர்களும் அவர்களே. ஆக, நூறாண்டுக்கு மேலாக அறியப்பட்ட மருந்து இது. நமது கொட்டிலுக்கு வாள் வந்து சேர்ந்தது. தகடு வழியிலேயே நின்றுவிட்டது.

இன்னொரு காரணம் நமது நாட்டுக்கே உரியது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலாயிற்று. வாள் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நிற்கும். ஆளியை அணைக்க மறந்து ஓடாவி தேநீருக்குப் போய்விடுவார். அல்லது மேசையைத் துடைப்பார். சிக்கிய துண்டைப் பிடுங்குவார். மின்சாரம் சொல்லிக்கொண்டு திரும்பி வருவதில்லை. வந்ததும் வாள் தானாகச் சுழலும். மின்சாரம் நின்றால் தானே விழுந்து, கையால் மறுபடி அழுத்தினாலன்றி இயங்காத ஆளிகள் கடையில் இருக்கின்றன. நமது கொட்டில்களிலோ சுவரில் விளக்குக்கு மாட்டுகிற ஆளியையே மோட்டருக்கும் மாட்டியிருப்பதைக் காணலாம். அன்றைய மின்வெட்டு இப்போது இல்லை என்பது மெய். மழைக்காலத்தில் கம்பியில் தென்னோலை விழுவது மட்டும் நின்றுவிடவில்லையே.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். சாரத்தின் தலைப்பும் தொங்கும் சட்டைக் கையும் வாளருகில் ஆகா. கையுறை பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. பல் அதைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுக்கும். வாள் பலகைக்கு மேலே கொஞ்சமே தெரிய வேண்டும். நிறுத்திய பின்னும் வாள் சிறிது நேரம் சத்தமில்லாமல் சுழலும். அந்த அமைதியை நம்பித் துண்டைப் பொறுக்கக் கை நீட்டுவது கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகனைப் பலகையின் மறுமுனையைப் பிடித்து இழுக்கச் சொல்வது எல்லாவற்றிலும் கொடியது. தகப்பனின் கை எங்கே இருக்கிறதென்பது அவனுக்குத் தெரியாது, இழுக்கிறவன் அவன்.

விபத்து எனப்படுவதில் விதியைப் பார்ப்பதா, காரணத்தைத் தேடுவதா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் ஓர் அரிய விடை இருக்கிறது. விடை தந்தவர் இயந்திர வல்லுநர் அல்லர், தொழுநோய் மருத்துவர். கொல்லிமலையில் 1914இல் பிறந்த போல் பிராண்ட், மருத்துவம் படிக்குமுன் கட்டட வேலையும் தச்சு வேலையும் பழகியவர். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்தினார். நிமிர்ந்த கைக்கு வேலை வேண்டுமே என்று 1950களின் தொடக்கத்தில் வேலூரில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பில் மரவேலை கற்பித்தார்கள். அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. உணர்விழந்த அந்தக் கைகளில் மீண்டும் மீண்டும் புண்கள் தோன்றின. விரல்கள் குறைந்துகொண்டு வந்தன. தொழுநோய் வந்தால் விரல் அழுகி விழும், அது அந்நோயின் இயல்பு என்பது அன்றுவரை உலகத்தார் நம்பிக்கை. பிராண்ட் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு புண்ணையும் பிடித்து, எப்போது, எங்கே, எந்தக் கருவியால் என்று விசாரித்தார்கள். விசாரிக்க விசாரிக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வெளிவந்தது: கைப்பிடியைத் தேவைக்கு மேல் இறுக்கியது, சுடுகலத்தைப் பிடித்தது, சிராய் ஏறியதை அறியாமல் வேலை செய்தது. நோய் விரலைத் தின்னவில்லை; நோவு இல்லாத கையை அன்றாட வேலை தின்றுகொண்டிருந்தது. காரணம் தெரிந்ததும் காப்பதற்கு வழியும் தெரிந்தது.

நோவை உணராத கைகளைக்கூட இவ்வாறு விசாரித்துக் காக்க முடிந்தது என்றால், நோவை நன்கு உணரும் நமது கைகளுக்கு அந்த விசாரணை ஏன் நடக்கவில்லை? கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ மருத்துவமனைக்கு இரத்தம் சொட்ட ஓடி வருகிறவரிடம் எப்போது நடந்தது என்று கேட்பார்கள். எந்த மரம், எவ்வளவு அகலம், வாளுக்குப் பின்னே தகடு இருந்ததா என்று எவரும் கேட்பதில்லை. கேட்பது மருத்துவரின் வேலையும் அன்று. தையல் போடுவதற்கே அவருக்கு நேரம் போதாது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவன்மேல் பாரத்தைப் போட்டவரை, முதலில் கட்டும்படி அறிவுறுத்திய நபிமொழியை நமது மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். விதி என்று சொல்கிறவர்கள் அதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அபாயமான இயந்திரத்துக்கு வேலி வேண்டும் என்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையிற் காயம்பட்ட தொழிலாளிக்கு முதலாளி ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. இவ்வகைச் சட்டங்களின் அட்டவணைகள் படிக்கத் தக்கவை. ஒரு வகையில் அவையும் இலக்கியமே. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில், பிற்காலத் திருத்தங்களின்படி, பெருவிரல் முழுதும் போனால் உழைப்புத் திறனில் நூற்றுக்கு 30 போயிற்று என்று இருந்தது. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. சுட்டுவிரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சின்னவிரலோ 7. மனித விரலுக்கு விலை வைத்தவன் கொடியவன் என்று தோன்றும். விலை வைத்ததனால்தான் அது இழப்பு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். நமது ஓடாவியின் சின்னவிரலுக்கு அந்த 7கூட இல்லை. ஈடு கொடுக்க வேண்டிய முதலாளியும் அவரே, பெற வேண்டிய தொழிலாளியும் அவரே. தன் இடது கை வலது கைக்குக் கொடுக்க வேண்டிய கடனை எந்த நீதிமன்றம் வாங்கித் தரும்?

வீட்டுக் கொட்டில்களில் நேரும் காயங்களையும் எண்ணிப் பார்த்த நாடு ஒன்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் நுகர்பொருட் பாதுகாப்பு ஆணையம், மேசை வாளால் காயமுற்று ஆண்டுதோறும் ஏறத்தாழ 30,000 பேர் அவசர சிகிச்சைக்கு வருவதாகவும், அவர்களில் 4,000 பேரளவில் உறுப்பிழப்பதாகவும் கணித்தது. பொழுதுபோக்குக்காக வீட்டில் மரவேலை செய்கிறவர்களும் அந்தக் கணக்கில் இருந்தார்கள். எண்ணியதனால் ஒரு பயன் விளைந்தது. பௌதிகம் படித்தவரும் காப்புரிமை வழக்கறிஞருமான ஸ்ரீவ் காஸ் என்பவர் 1999இல் ஒரு வழி கண்டார். மனித உடல் மின்னைக் கடத்தும். உலர்ந்த மரம் அவ்வளவாகக் கடத்தாது. வாளில் மெல்லிய மின்சைகையைச் செலுத்தி, தோல் பட்டதும் அந்தச் சைகை மாறுவதை உணர்ந்து, அலுமினியக் கட்டையொன்றை வாளின் பற்களில் பாயச் செய்தால் ஆயிரத்தில் ஐந்து பங்கு செக்கனுக்குள் வாள் நின்றுவிடும். சொசேஜ் ஒன்றை வாளில் வைத்துக் காட்டினார். பிறகு தன் சொந்த விரலையே வைத்தார். மெல்லிய கீறலோடு விரல் மீண்டது.

இவ்வளவு சிறந்த பொருளை உற்பத்தியாளர்கள் ஓடிவந்து ஏற்றிருப்பார்கள் என்றுதான் நாம் எண்ணுவோம். ஏற்கவில்லை. காஸ் தாமே கம்பனி தொடங்கி வாள் செய்து விற்றார். எல்லா மேசை வாள்களிலும் இத்தகைய காப்பு இருக்க வேண்டும் என 2003இல் ஆணையத்திடம் மனுச் செய்தார். விலை ஏறும், ஒருவருடைய காப்புரிமைக்கு நாடே கப்பங்கட்ட நேரும் என்று எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் சிறிது நியாயமும் உண்டு. 2024இல், விதி நடைமுறைக்கு வந்தால் முக்கியமான காப்புரிமை ஒன்றைப் பொதுமக்களுக்கே விட்டுவிடுவதாக அந்தக் கம்பனி அறிவித்தது. ஆயினும் விதி வரவில்லை. செல்வம் மிகுந்த நாட்டிலேயே நிலை இதுவென்றால், அந்த வாள் கப்பலேறி ஒலுவிலுக்கு வரும் என்று காத்திருப்பது வீண். இங்கே பேச வேண்டியது காஸின் மின்சைகையைப் பற்றியன்று. நூறாண்டுப் பழைமையுள்ள அந்த இரும்புத் தகட்டைப் பற்றி.

விரல் போனபின் செய்ய வேண்டியதும் நமக்குச் சரியாகத் தெரியாது. 1965ஆம் ஆண்டு யப்பானின் நாரா நகரில் கொமாட்சு, தமாய் என்ற இரு மருத்துவர்கள், முற்றாகத் துண்டிக்கப்பட்ட பெருவிரலை உருப்பெருக்கியின் உதவியால் நாளத்தோடு நாளம் தைத்து மீண்டும் பொருத்தினார்கள். இன்று சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலும் கோயம்புத்தூரிலும் இதில் தேர்ந்த கைகள் உண்டு. ஆனால் நமது கரையிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு அப்பால். வெட்டுண்ட விரல் வெறுமனே கிடந்தால் சில மணித்தியாலங்களில் பயனற்றுப் போகும். குளிரில் இருந்தால் கூடுதலான நேரம் தாங்கும். சில வீடுகளில் காயத்தின் மேல் கோப்பித்தூளை அப்புகிறார்கள்; விரலை நேரே பனிக்கட்டியில் போடுகிறார்கள். இரண்டும் கேடு. காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். விரலை ஈரமாக்கிப் பிழிந்த தூய துணியில் சுற்றி, நீர் புகாத பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் வைத்து, காயம்பட்டவரோடு அதையும் கொண்டுபோக வேண்டும். இருந்தும் மேசை வாளின் வெட்டு கத்தி வெட்டைப் போன்றதன்று. அது மூன்று மில்லிமீற்றர் அகலத்துக்கு எலும்பையும் நாளத்தையும் தூளாக்கிவிடும். பொருத்தலாம் என்ற நம்பிக்கையில் ஒருவரும் தகட்டை மறந்துவிட வேண்டாம்.

செய்யத்தக்கது என்ன? அரசாங்கம் புதிய சட்டம் இயற்ற வேண்டும் என்று எழுதி முடிப்பது பத்திரிகைக் கட்டுரைகளுக்கு வழக்கம். நான் அதை வேண்டவில்லை. கொட்டிலுக்குக் கொட்டில் பரிசோதகர் வந்தால் மூடியை அன்று மாட்டி, மறுநாள் கழற்றுவார்கள். அல்லது பரிசோதகருக்குத் தேநீர் கொடுத்து அனுப்புவார்கள். இந்த வேலையைத் தொடங்கத்தக்கவர்கள் ஆசிரியர்களும் மாணவர்களும் என்றே நினைக்கிறேன். துறைமுகத்தின் அருகிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதில் பொறியியற் பீடமும் இருக்கிறது. 2013 முதல் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு நடைபெறுகிறது. அந்த மாணவர்கள் பாடப்புத்தகத்தில் விசையையும் வேகத்தையும் படிக்கிறார்கள். அவர்களில் பலருடைய வீட்டுக் கொட்டிலிலேயே அந்த விசை நாள்தோறும் பலகையை உதைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் காட்டும் ஆசிரியர் ஒருவர் ஓர் ஊருக்குப் போதும்.

முதலிற் செய்ய வேண்டியது எண்ணுவது. ஓர் ஊரில் எத்தனை மேசை வாள்கள், அவற்றுள் எத்தனைக்குப் பின்னே தகடு இருக்கிறது, எத்தனைக்கு மின்சாரம் நின்றால் விழும் ஆளி இருக்கிறது, அவற்றில் வேலை செய்கிறவர்களின் கைகளில் எத்தனை விரல்கள் இருக்கின்றன. விரல் போன ஒவ்வொருவரிடமும் வேலூரிற் கேட்டதுபோலக் கேட்க வேண்டும்: என்ன மரம், எந்த நேரம், பலகையின் தொடக்கத்திலா முடிவிலா, யார் மறுமுனையில் நின்றது. குற்றஞ் சாட்டும் குரலிற் கேட்டால் விடை வராது. ஓடாவியார் தம் வேலையைக் குறை சொல்ல வந்தவர்களை அறிவார். தம் வேலையைக் கற்க வந்தவர்களையும் அறிவார். பிள்ளைகள் இரண்டாவது வகையினராகப் போக வேண்டும். கேட்டு எழுதியதை ஊர்ப் பள்ளிவாயிலிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் வாசிக்கலாம். இரும்புக் கடைக்காரர்களிடம் ஓர் அட்டையில் தகட்டின் வடிவத்தை வரைந்து கொடுக்கலாம். அடுத்த மேசைக்குச் சட்டம் ஒட்டும்போது அதையும் சேர்த்தே ஒட்டும்படி கேட்கலாம்.

கணக்கெடுக்கப் போகிறவர்கள் ஓர் அடிமட்டமும் குறிப்புப் புத்தகமும் கொண்டுபோனால் போதும். போகிற நாள் வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும். ஜும்ஆவுக்கு முன் பெரும்பாலான கொட்டில்களில் வேலை நின்றிருக்கும். ஓடாவியாருக்கும் பேச நேரம் இருக்கும். மோட்டரின் இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்த பின்னரே மேசைக்கு அருகே போக வேண்டும்.